நான்கு மொழி கண்ட மிஸ்ஸியம்மா

தழுவல் என்னும் சொல்லை நாம் சற்று இளக்காரமாகவே ஆளுகிறோம். ஒரு திரைப்படத்தின் கதை வேற்று மொழியிலிருந்து வந்தது என்று தெரிந்தவுடன், 'சொந்தச் சரக்கு அன்று' என்று ஒதுக்கி விடுகிறோம். வான்மீகியின் கதையைத் தமிழில் பாடிய கம்பனை நாம் அவ்வாறு ஒதுக்கவில்லை. கம்பனுக்கு வழங்கிய நீதியில் ஒரு சிறு பங்கையேனும் திரைப்படத்துக்கு வழங்கலாகாதா என்று எண்ணும்போதெல்லாம் என் நினைவில் எழுவது, 1955-இல் வெளிவந்த 'மிஸ்ஸியம்மா'.

இப்படத்தின் பூர்வீகம் வங்கம். ரவீந்திரநாத் மைத்ரா எழுதிய 'மான்மயீ கேர்ள்ஸ் ஸ்கூல்' என்ற நாடகம் 1935-இல் வங்கமொழிப் படமாயிற்று. சரத்சந்திரரின் நாவல்களைத் தெலுங்கில் பெயர்த்தளித்த சக்கரபாணி, அக்கதையோடு சரதிந்து பந்தோபாத்யாயரின் கதையொன்றின் கூறுகளையும் இணைத்துப் புதிதாய் அமைத்தார். 'அம்புலிமாமா'வைப் பல மொழிகளில் நடத்திய நாகிரெட்டியும் அவருமே தயாரிப்பாளர்கள், இயக்கியவர் எல்.வி.பிரசாத். தெலுங்கில் 'மிஸ்ஸம்மா', தமிழில் 'மிஸ்ஸியம்மா' என 1955 ஜனவரியில் இரு படங்களும் வெளிவந்தன. 1957-இல் அதுவே இந்தியில் 'மிஸ் மேரி' ஆயிற்று.

கதை எளியது. ஊர்ப் பெரியவர் ஒருவர் நடத்தும் பள்ளிக்கு, பி.ஏ. படித்த தம்பதியர் ஆசிரியர்களாகத் தேவை. வேலையற்ற பட்டதாரி பாலுவும், கடன் நெருக்கும் மேரியும் கணவன் மனைவி என நடித்து அவ்வூர் சேர்கின்றனர். அவன் இந்து, அவள் கிறிஸ்தவப் பெண். பொய் வளர்கிறது, பூசல் வளர்கிறது, அறியாமலே அன்பும் வளர்கிறது. பிழைப்பின் பொருட்டு ஊர் பெயர்ந்து, அவ்வூரார்க்கு ஏற்ப வேடம் புனையும் அவ்விருவரும், பி.ஏ. பட்டத்தோடு பெங்களூருக்கு வந்த என் போன்றோர்க்கு அந்நியர் அல்லர்.

படத்தின் உயிர் இசையில் இருக்கிறது. எஸ்.ராஜேஸ்வரராவ் அமைத்த மெட்டுகளுக்குத் தெலுங்கில் பிங்கலி நாகேந்திரராவும், தமிழில் தஞ்சை ராமையாதாஸும் பாடல் புனைந்தனர். போலித் தம்பதியர் ஒருவர்மேல் ஒருவர் குறைகூறி நிலவிடம் முறையிடும் பாடலைக் கேளுங்கள். ஏ.எம்.ராஜாவும் பி.லீலாவும் பாடிய அத்தமிழ், மெட்டுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாகத் தோன்றாது. மெட்டே அத்தமிழிலிருந்து பிறந்ததோ என மயங்க வைக்கும்.

இந்திக்குச் சென்றபோது நேர்ந்தது இன்னும் சுவையானது. ஹேமந்த்குமார், சுத்த சாவேரியில் அமைந்த பிருந்தாவனப் பாடலின் மெட்டை அப்படியே கொண்டார். நிலவுப் பாடலுக்கோ சூழலை மட்டும் கொண்டு, மெட்டைப் புதிதாகத் தாமே அமைத்தார். ஒன்றில் பண் நிலைத்துச் சொல் மாறியது. மற்றொன்றில் பொருள் நிலைத்துப் பண் மாறியது. நகைச்சுவைப் பாத்திரமும் அவ்வாறே. தெலுங்கில் நாகேஸ்வரராவ், தமிழில் தங்கவேலு, இந்தியில் கிஷோர்குமார். ஒவ்வொருவரும் தத்தம் மண்ணின் சிரிப்பையே சிரித்தனர். எதை வைப்பது, எதை மாற்றுவது என்று தெரிந்த கைகளில் தழுவலும் படைப்பே.

இதை நான் எழுத ஒரு காரணம் உண்டு. என் மகள் பள்ளியில் கன்னடம் பயில்கிறாள்; தெருவிலும் அதுவே. சென்ற ஆண்டு ஊரிலிருந்து வந்த முதிய உறவினர் ஒருவர், உணவின்போது தம் கையாலேயே அவளுக்குச் சோறு பரிமாறினார். அவள், "சாக்கு, தாத்தா" என்றாள். கன்னடத்தில் அது 'போதும்' என்று பொருள்படும். "எந்தச் சாக்கம்மா, அரிசிச் சாக்கா?" என்று அவர் நகைத்தார், "இது பெங்களூர்த் தமிழ், அசல் இல்லை" என்றும் சொன்னார். அன்புடன் சொன்னதே. எனினும் அன்று முழுதும் அவர் கேட்டதற்கெல்லாம் அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

அந்த மௌனமே எனக்கு அச்சம் தந்தது. குழந்தையின் தமிழில் ஒரு கன்னடச் சொல் கலப்பதால் தமிழ் தேய்ந்துவிடாது. நகைப்புக்கு அஞ்சி அவள் வாயடைத்தால் தேயும். அதற்காக வருவது வரட்டும் என்று வாளாவிருத்தலும் தகாது. ராமையாதாஸின் தமிழ் தானாக வந்து மெட்டில் அமரவில்லை. அவர் சொல் தேடினார். அவ்வுழைப்பு நமக்கும் உரியது. 'போதும்' என்ற சொல்லை அவள் நாவிலும் செவியிலும் நாள்தோறும் வைக்க வேண்டியவர் பெற்றோராகிய நாமே. 'சாக்கு' அதன் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

வங்கத்தில் பிறந்து, தெலுங்கரின் கைப்பட்டு வந்த மேரியைத் தமிழர் எவரும் 'நீ அசல் தானா?' என்று கேட்கவில்லை. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வளரும் நம் பிள்ளைகளையும் அவ்வாறு கேளாதிருப்போம்.