மண் போட்டு மூடிய கசிவு

எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் சரியாக வராததற்கு நான்தான் காரணம். தெருவே டேங்க் ஆபரேட்டரைத் திட்டியபோது, உண்மை தெரிந்தும் பேசாமல் நின்றேன். அதைச் சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன்.

உத்திரமேரூரை ஒட்டிய கிராமம் எங்களுடையது. காலையில் மேல்நிலைத் தொட்டியின் வால்வைத் திறந்தால் கொஞ்ச நேரம்தான் தண்ணீர். அதற்குள் குடம், அண்டா எல்லாம் பிடித்துக்கொள்ள வேண்டும். தெருக்குழாயிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் இணைப்பு, வாசலில் ஓரிடத்தில் கசிந்தது. பிளம்பர் கேட்ட கூலி அதிகமாகப் பட்டது. ஒரு மரையைத் திருக இவ்வளவா என்று நினைத்தேன். செல்போனில் வீடியோ பார்த்தேன். டெஃப்லான் டேப்பும் சால்வென்ட் டப்பாவும் வாங்கி வந்து நானே இறங்கினேன்.

டெஃப்லான் டேப்பை மரை திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் திருகும்போதே சுருண்டு வெளியே வந்துவிடும். நான் மாற்றித்தான் சுற்றினேன். கசிவு நிற்கவில்லை என்று ரெஞ்சு போட்டு மேலும் முறுக்கினேன். பித்தளை மரை அளவு மீறி ஏறினால் பிவிசி சாக்கெட் தாங்காது, விரிசல் விட்டது. புது சாக்கெட்டை ஒட்டும்போது குழாயில் ஈரம் காயவில்லை. சால்வென்ட் வெறும் பசை அல்ல. குழாயின் மேற்பரப்பையும் சாக்கெட்டின் உட்பரப்பையும் இளக்கி இரண்டையும் ஒன்றாக்குவது அது. ஈரத்தில் அது சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும் இறுகுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். தண்ணீர் விடும் நேரம் நெருங்கிவிட்டதால் நான் கொடுக்கவில்லை. மூட்டின் மேல் சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டினேன். என் குடம் நிரம்பியது. பள்ளத்தை மண் போட்டு மூடிவிட்டேன்.

இதுவரை நடந்தது தெரியாமல் செய்த தவறு. அதற்குப் பிறகு செய்ததெல்லாம் தெரிந்தே செய்தது.

வாசல் மண் காயவே இல்லை. கடைசி வீட்டு ஆயா காலிக் குடத்தோடு வந்து, "தம்பி, எங்க பக்கம் தண்ணி நூலாட்டம் வருதுப்பா. உங்க வூட்ல எப்படி?" என்று கேட்டார். "எங்களுக்கும் கம்மிதான் ஆயா" என்று வாய்கூசாமல் சொன்னேன். எனக்குக் குறையவில்லை. மேட்டில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய அழுத்தம் என் வாசலில் வீணாகிக்கொண்டிருந்தது.

அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. தண்ணீரை நிறுத்தியதும் குழாயில் அழுத்தம் போய்விடும். அப்போது கசியும் இடத்தின் வழியே சுற்றியிருக்கும் சேறு உள்ளே இழுக்கப்படலாம். மறுநாள் அது அடுத்த வீட்டுக் குடத்துக்கும் போகலாம். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் பாதுகாப்பான தண்ணீர் என்று கணக்கு வைத்தது. அந்தப் பாதுகாப்பைத்தான் நான் என் வாசலில் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் உள்ளன; ஆண்டு 919, 921. குடவோலை முறைக்காக அவற்றை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்கிறோம். ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஏரி வாரியம் என்று ஒன்றை இந்த ஊர் வைத்திருந்தது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் மறுபடி அந்தப் பொறுப்பு கிடையாது. வெளியூரிலிருந்து வருகிறவர்களை அழைத்துப் போய் அந்தச் சுவரைக் காட்டியவன் நான். பொதுத் தண்ணீருக்கு நான் கணக்குக் காட்டவில்லை.

கடைசியில் அதே பிளம்பரைக் கூப்பிட்டேன். குழாயை ஹாக்சா பிளேடால் நேராக அறுத்தார். பிசிறை அரத்தால் தேய்த்தார். உள்ளும் புறமும் துணியால் துடைத்துவிட்டு, முழுக்கக் காயும்வரை உட்கார்ந்திருந்தார். சால்வென்ட் தடவி, செருகி, கால் சுற்றுத் திருப்பி, அப்படியே அழுத்திப் பிடித்தார். "நாளைக்குக் காலையில தண்ணி விட்டா போதும் சார்" என்றார். நான் அதிகம் என்று நினைத்த கூலி இந்த நிதானத்துக்கும் சேர்த்துத்தான்.

ஆயாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். "அன்னிக்கே சொல்லியிருந்தா உங்க வூட்லயே ரெண்டு குடம் புடிச்சிருப்பேனே தம்பி" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆபரேட்டரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

வீட்டுக்குள் இருக்கும் குழாயைப் பழுதுபார்த்துப் பழகுங்கள். தவறினாலும் நஷ்டம் உங்களோடு போகும். தெருக்குழாயோடு சேரும் மூட்டில் தெரியாமல் கை வைக்காதீர்கள். வைத்துக் கெடுத்துவிட்டால் மண் போட்டு மூடாதீர்கள். அன்றைக்கே ஊராட்சிக்குச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.