எண்களில் ஒரு குறுக்கெழுத்து

குறுக்கெழுத்துப் போட்டி என்றதும் பலருக்கும் வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று துப்புகள் இருக்கும். ஒரு சொல் தெரியவில்லை என்றால் தெரியவில்லைதான். எவ்வளவு யோசித்தாலும் வராது. அம்மாவையோ பக்கத்து வீட்டு மாமாவையோ கேட்க வேண்டியதுதான். எண் குறுக்கெழுத்து அப்படியல்ல. ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டத் தெரிந்தால் போதும். அதனாலேயே, "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை! இதன் சுகம், அவஸ்தை இரண்டும் இங்கேதான் ஆரம்பம்.

இந்த வகையில் பிரபலமானது ககுரோ. அமெரிக்காவில் டெல் நிறுவனத்தின் புதிர்ப் பத்திரிகைகளில் 'கிராஸ் சம்ஸ்' என்ற பெயரில் வந்துகொண்டிருந்ததை ஜப்பானின் நிகோலி நிறுவனம் எடுத்துக்கொண்டது. கூட்டலுக்கு ஜப்பானிய மொழியில் 'கசான்'. 'கிராஸ்' என்ற ஆங்கிலச் சொல் அவர்கள் வாயில் 'குரோசு'. இரண்டையும் ஒட்டிச் சுருக்கினால் ககுரோ. 2004 நவம்பரில் லண்டன் 'டைம்ஸ்' சுடோகுவை வெளியிடத் தொடங்கி, அந்த ஜுரம் ஊர் ஊராகப் பரவியபோது, 2005-இல் ககுரோவும் பிரிட்டன் நாளிதழ்களில் இடம் பிடித்தது. ஆனால் சுடோகு அளவுக்கு அது ஓடவில்லை. காரணம் சுலபம். சுடோகுவில் எண்கள் வெறும் அடையாளங்கள். ஒன்பது எண்களுக்குப் பதில் ஒன்பது பழங்களை வரைந்தாலும் விளையாட்டு நடக்கும். ககுரோவில் கூட்டியே ஆக வேண்டும். கணக்கு என்றாலே ஓடுகிறவர்கள் இங்கேயும் ஓடிவிடுகிறார்கள் :-)

விதி ரொம்பச் சின்னது. கறுப்புக் கட்டத்தில் ஒரு கூட்டுத்தொகை கொடுத்திருப்பார்கள். அதை அடுத்து வரிசையாக இருக்கும் வெள்ளைக் கட்டங்களில் போடும் எண்களைக் கூட்டினால் அந்தத் தொகை வர வேண்டும். ஒரு வரிசைக்குள் ஒரே எண் இரண்டு முறை வரக் கூடாது. அவ்வளவுதான். இரண்டு கட்டம், கூட்டினால் 16 என்றால் 7-உம் 9-உம் மட்டுமே சாத்தியம் (8-ஐ இரண்டு முறை போட முடியாதே). அதைக் குறுக்கே வெட்டும் வரிசையிலும் இரண்டே கட்டம், தொகை 17 என்று வையுங்கள். அங்கே 8-உம் 9-உம்தான். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் 9-ஐத் தவிர வேறெதுவும் உட்கார முடியாது. ஒன்பது விழுந்ததும் பக்கத்தில் 7, கீழே 8. ஒரு இழை கிடைத்தால் முழுப் புடவையும் பிரிந்து வருவதுபோல, ஒரே நிமிடத்தில் ஒரு மூலை முழுக்க நிரம்பிவிடும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

ஒரு கல்லூரி விடுதி. மறுநாள் காலையில் பரீட்சை. புத்தகத்தை மூடிவிட்டு, "பத்தே நிமிஷம்" என்று ஒருவன் ககுரோவை எடுக்கிறான். வகுப்பில் நல்ல மார்க் வாங்குகிறவன். அதனால் பென்சில் எடுக்கவில்லை, பேனா! மேல் மூலை மளமளவென்று முடிகிறது. நடுவில் மூன்று கட்டம், தொகை 8. உடனே 1, 2, 5 என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகிறான். பத்து நிமிஷம் நாற்பது நிமிஷமாகிறது. கடைசியில் கீழ் மூலையில் இரண்டு கட்டம், தொகை 4. ஒன்றில் மேலிருந்து கணக்குப்படி 2 வந்து நிற்கிறது. அப்படியானால் மற்றதிலும் 2 போட வேண்டும். கூட்டல் சரி, ஆனால் விதி தப்பு!

பக்கத்துக் கட்டிலில் இருந்து எட்டிப் பார்க்கிறான் அறை நண்பன். "கூட்டினா நாலுதான்டா வருது, விடேன்டா" என்கிறான். விட முடிந்தால் அவன் ஏன் ககுரோ போடப் போகிறான்?

இதில் எரிச்சல் என்னவென்றால், தப்பு தெரிகிற இடம் வேறு, நடந்த இடம் வேறு. கீழ் மூலையில் ஒரு குற்றமும் இல்லை. அதற்கு மேலே எங்கோ, எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நடந்திருக்கிறது. பரீட்சையில் ஸ்டெப் மார்க் உண்டு. பாதி சரி என்றால் பாதி மார்க். இங்கே கிடையாது. வாத்தியார் கடுமையாகத் திருத்திவிட்டார், கேள்வியே தப்பு, போர்ஷனில் இல்லை என்று எதையும் சொல்ல முடியாது. அடித்து எழுதிய பேனா மை கட்டங்களை ஏற்கெனவே கறுப்பாக்கியிருந்தது. ஒரு வெள்ளைத் தாளில் கட்டங்களை மறுபடி வரைந்து, இந்த முறை பென்சிலை எடுத்தான். ஒவ்வொரு எண்ணையும் எழுதுவதற்கு முன் "இது ஏன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டான்.

மூன்று கட்டத்து 8-இல் வந்து நின்றான். 1, 2, 5 மட்டுமல்ல. 1, 3, 4-ஐக் கூட்டினாலும் 8 வருகிறது! இரண்டிலும் இருப்பது 1 மட்டுமே. ஆக, அந்த இடத்தில் அவனுக்கு உண்மையாகவே தெரிந்திருந்தது 1 ஒன்றுதான். 2-உம் 5-உம் தெரிந்ததாக நினைத்துக்கொண்டவை. எழுதும்போது மூன்றும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஒரே பேனா, ஒரே மை, ஒரே நம்பிக்கை. எது தெரிந்தது, எது தெரிந்த மாதிரி இருந்தது என்று கட்டத்தில் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, எழுதியவனாலும்கூட.

3-உம் 4-உம் போட்டதும் மிச்சமெல்லாம் தானாக வழி விட்டது. கீழ் மூலையில் 1, 3. தொகை 4. இதற்கு விடைப் பக்கத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சரி என்பதற்குச் சாட்சி கட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இடையில் விடையைப் பார்த்து நிரப்பியிருந்தாலும் இதே எண்கள்தான் வந்திருக்கும், ஆனால் இந்தச் சந்தோஷம் வந்திருக்காது.

"முடிஞ்சுதா?" என்றான் நண்பன், போர்வைக்குள் இருந்து.

"முடிஞ்சுது."

"என்ன தப்பு?"

"நாலு வரி மேல, யோசிக்காம எழுதிட்டேன்."

மணி பன்னிரண்டு. தூங்கப் போகாமல், மூடி வைத்த பாடப் புத்தகத்தை மறுபடி திறந்தான். தெரியும் என்று தாண்டிப் போன இரண்டு அத்தியாயங்கள் பாக்கி இருந்தன.