நாலு நாள் காலியாக இருந்த நாற்காலி

லெக்சிங்டன், கென்டக்கி
ஏப்ரல் 2025

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வருடம் இதே மாதம் எங்கள் ஊரில் சூரிய கிரகணம். 2024 ஏப்ரல் 8, திங்கட்கிழமை பிற்பகல். முழுசாக மறைவதைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு இண்டியானா பக்கம் போக வேண்டும். இங்கே நகக்கீற்று அளவுக்குச் சூரியன் மிச்சம் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவரும் நானும் அட்டைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அவர் வீட்டுப் புல்தரையில் நின்றோம். வெயில் மங்கி, காற்று குளிர்ந்து, குருவிகள் எல்லாம் திடீரென்று அடங்கிப் போயின. பெரியவர் அண்ணாந்து பார்த்தபடியே கேட்டார்: "ஸ்காட் ட்ரூ வருவார்னு நினைக்கிறியா?"

ஸ்காட் ட்ரூ வானசாஸ்திரி அல்ல. டெக்சாஸில் பெய்லர் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர்; 2021இல் தேசியக் கோப்பை வாங்கியவர். முந்தைய நாள் ராத்திரிதான் ஊரையே உலுக்கிய செய்தி வந்திருந்தது. கென்டக்கி பல்கலைக்கழக அணியைப் பதினைந்து வருடம் நடத்திய ஜான் கேலிபாரி, அதே லீகில் ஆடும் ஆர்கன்சாவுக்குப் போகிறார். அந்த நிமிஷத்திலிருந்து ஊரில் சூரியனைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

ஒரு கல்லூரி விளையாட்டு வாத்தியார் வேலை மாறினால் இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அங்கே உங்களுக்குத் தோன்றும். எனக்கும் 2007இல் இங்கே வந்து இறங்கியபோது தோன்றியது. கென்டக்கி மாநிலத்துக்கென்று பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது, கூடைப்பந்திலும் சரி, மற்ற ஆட்டங்களிலும் சரி. குதிரை உண்டு, போர்பன் சாராயம் உண்டு, கிழக்கு மலைகளில் நிலக்கரி உண்டு. அப்புறம் இந்த நீலச் சட்டை அணி. 1930இலிருந்து 1972 வரை அடால்ஃப் ரப் என்ற ஒரே மனிதர் நாற்பத்திரண்டு வருடம் பயிற்சியாளராக இருந்து நாலு தேசியக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அணிக்கு இதுவரை மொத்தம் எட்டு. ஊர் நடுவே அவர் பெயரில் இருக்கிற ரப் அரீனாவில் இருபதாயிரம் பேர் உட்காரலாம். அந்த எட்டுக் கோப்பைக்கான கொடிகளும் கூரையில் தொங்குகின்றன. உள்ளே நுழைகிறவர்கள் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். கோபுரத்தைப் பார்ப்பது போல.

பெரியவர் மலைக்காரர். அப்பா சுரங்கத் தொழிலாளி. அந்த மலை இடுக்குகளுக்கு இந்த அணி ரேடியோ வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. கேவுட் லெட்ஃபர்ட் என்ற வர்ணனையாளர், அவரும் ஹார்லன் என்ற மலைப்பகுதிக்காரர்தான், 1953இலிருந்து 1992 வரை நேரடி வர்ணனை செய்திருக்கிறார். லெக்சிங்டனை ஒரு தடவைகூடப் பார்க்காதவர்கள் அந்தக் குரலை வைத்தே அரங்கத்தின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்து வைத்திருந்தார்களாம். பெரியவர் இன்றைக்கும் டிவியின் ஒலியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் ரேடியோவை வைத்துக்கொண்டுதான் மேட்ச் பார்ப்பார். ரேடியோவில் முதலில் வந்துவிடும், டிவியில் படம் சில விநாடி பிந்தி வரும். திரையில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் யோசித்துக்கொண்டே இருப்பான், இவர் இங்கே கை தட்டிவிடுவார். முதன்முதலில் பார்த்தபோது மனிதருக்கு ஜோசியம் தெரியும் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

நான் வந்த வருடமும் நாற்காலி மாறிய வருடம்தான். டப்பி ஸ்மித் என்பவர் மினசோட்டாவுக்குப் போயிருந்தார். இந்த அணியின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். 1997இல் வந்து, முதல் சீசனிலேயே கோப்பையை வாங்கியவர். ஆனாலும் வருடத்துக்குப் பத்து மேட்ச் தோற்கிறார் என்று 'டென்-லாஸ் டப்பி' எனப் பட்டப்பெயர் வைத்துத் துரத்தாத குறையாக முணுமுணுத்திருக்கிறார்கள். அந்த முணுமுணுப்பில் ஆட்டக் கணக்கைத் தவிர வேறு கணக்கும் இருந்ததோ என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. அவர் இடத்துக்கு வந்தவர் பில்லி கில்லிஸ்பி. இளைஞர், ராப்பகலாக உழைப்பவர், இனி விடிந்துவிடும் என்று நான் முடிவெட்டப் போன கடையில் பேசிக்கொண்டார்கள். சொந்த அரங்கத்தில் இரண்டாவது மேட்சிலேயே கார்ட்னர்-வெப் என்ற பேர் தெரியாத கல்லூரியிடம் 84-68 என்று தோற்றார். இரண்டே சீசனில் அனுப்பிவிட்டார்கள்.

2009இல் வந்த கேலிபாரியின் முதல் ஏழெட்டு வருடம் பொற்காலம். நாட்டிலேயே சிறந்த பதினெட்டு வயசுப் பையன்களைப் பிடித்து வருவார். ஒரு வருடம் ஆடிவிட்டு அவர்கள் என்பிஏ என்ற தொழில்முறை லீகுக்குப் போய்விடுவார்கள். ஜான் வால், ஆந்தனி டேவிஸ், டெவின் புக்கர் எல்லாரும் அப்படி வந்து போனவர்கள். 2012இல் கோப்பை. 2015இல் வரிசையாக 38 வெற்றி. அரையிறுதியில் விஸ்கான்சினிடம் மட்டும் ஒரு தோல்வி, அதோடு எல்லாம் போயிற்று. அப்புறம் சரிவு. மார்ச் மாதத் தேசியப் போட்டி ஒரு தோல்வியோடு வீட்டுக்கு அனுப்பிவிடும் ரகம். 2022இல் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னக் கல்லூரியிடம் முதல் சுற்றிலேயே தோல்வி. 2024 மார்ச் 21இல் ஓக்லண்டிடம் 80-76. அது கலிஃபோர்னியா ஓக்லண்ட் அல்ல, மிச்சிகனில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகம். ஜாக் கோல்கி என்ற பையன் தூரத்திலிருந்து பத்து மூன்று-புள்ளி போட்டு 32 எடுத்தான். அதற்கு முந்தின வருடம் வரை இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தவன். எதிரே ஆடிய எங்கள் அணியிலோ அந்த ஜூனில் என்பிஏ அணிகள் புது ஆட்களை எடுக்கும் தேர்வில் முதல் எட்டு இடத்துக்குள் எடுக்கப்பட்ட இரண்டு பேர் இருந்தார்கள்.

ஆனால் ஊர்க் கோபம் தோல்வியில் ஆரம்பித்தது அல்ல. 2010இல் ஒரே இரவில் கென்டக்கி பையன்கள் ஐந்து பேர் என்பிஏ தேர்வின் முதல் சுற்றில் எடுக்கப்பட்டார்கள். கென்டக்கி கூடைப்பந்து வரலாற்றிலேயே இதுதான் மிகப் பெரிய நாள் என்கிற மாதிரி கேலிபாரி பேசிவிட்டார். அவர் கணக்கில் சரிதான். ஏழைக் குடும்பத்துப் பையன்கள் ஒரே ராத்திரியில் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். ஆனால் கூரையில் அன்றைக்கு ஏழு கொடி தொங்கிக்கொண்டிருந்த ஊரில் அப்படிச் சொல்லலாமா? பதினாலு வருடம் கழித்தும் பெரியவர் அதைச் சொல்லிக்காட்டுவார். "இது அவருக்கு ரயில்வே ஸ்டேஷன்" என்பார். "நமக்கு இது வீடு."

போகச் சொல்லவும் முடியாது. ஒப்பந்தப்படி வெளியே அனுப்பினால் 3 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். மார்ச் கடைசியில் அவரே தொடர்வார் என்று பல்கலைக்கழகம் அறிவித்தும் விட்டது. ஊர் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வருடத்துக்குத் தயாரான நேரத்தில், ஒரு பைசா வாங்காமல் அவராகவே எழுந்து போனார். இந்த அணிக்கு வேறொரு குரல் தேவைப்படலாம் என்று ஒரு காணொளியில் சொல்லிவிட்டுப் போனார். நாகரிகமான வார்த்தைதான்.

அதற்கப்புறம் வந்த நாலு நாள் மாதிரி சந்தோஷமான நாட்களை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. நாற்காலி காலியாக இருக்கும்வரை யாரை வேண்டுமானாலும் அதில் உட்கார வைத்துப் பார்க்கலாமே! கிரகணம் நடந்த அதே திங்கள் ராத்திரி, கனெக்டிகட் அணியின் டேன் ஹர்லி தொடர்ந்து இரண்டாவது கோப்பையை வாங்கினார். வாங்கிய கோப்பையின் சூடு ஆறுமுன் இங்கே அவருக்கு வீடு பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போது சிகாகோ புல்ஸை நடத்திக்கொண்டிருந்த பில்லி டோனவன் பெயர் அடிபட்டது. ஒரு காலத்தில் இங்கே உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். பெட்ரோல் பங்கில், சர்ச் வாசலில், கீன்லண்ட் குதிரைப் பந்தய மைதானத்தில் எங்கும் இதே பேச்சு. தனியார் விமானங்களின் வால் எண்ணைப் பார்த்து, எது எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கணக்குப் போடுகிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். டெக்சாஸிலிருந்து ஒரு விமானம் இறங்கியதாம் என்று என் அலுவலகத்தில் ஒரு பெண் ரகசியக் குரலில் சொன்னாள். கல்யாண புரோக்கர் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனதைச் சொல்வது போல.

வரன் பார்க்கும் படலமேதான். ஹர்லி எனக்கு இருக்கிற இடமே போதும் என்றார். ட்ரூ யோசித்தார், குடும்பத்தோடு பேசினார், வியாழக்கிழமை வரவில்லை என்று சொல்லிவிட்டார். பெரிய இடத்துச் சம்பந்தம் இரண்டும் தட்டிப் போனதும் அத்தை பையன் ஞாபகம் வருமே, அப்படி அன்று ராத்திரி ஒரு பெயர் வந்தது: மார்க் போப்.

ஊர் கொதித்தது. போப் அப்போது யூட்டாவில் பிஒய்யு பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளராகத் தேசியப் போட்டியில் அதுவரை ஒரு மேட்சுகூட ஜெயித்தவர் இல்லை. ஓக்லண்டிடம் நாங்கள் மானம் இழந்த அதே மார்ச் 21 அன்று, அவர் அணியும் டுகேன் என்ற அணியிடம் முதல் சுற்றில் தோற்று வெளியேறியிருந்தது. இதற்கா கேலிபாரியை விட்டோம்? பெரியவர் வியாழன் ராத்திரி என்னோடு சரியாகப் பேசவே இல்லை. தொலைபேசியை எடுத்து, "கேட்டியா?" என்றார், வைத்துவிட்டார்.

போப் இந்த வீட்டுப் பிள்ளை. ஆறடி பத்தங்குலம், 1996இல் கோப்பை வாங்கிய கென்டக்கி அணியின் கேப்டன்களில் ஒருவர். என்பிஏவில் ஆடிவிட்டு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்து, அதைப் பாதியில் விட்டுவிட்டுப் பயிற்சித் துறைக்கு வந்தவர். இந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்துப் பெற்றோர்கள் வட்டாரத்தில் போப்பைப் பற்றிப் பேசப்பட்ட ஒரே விஷயம் இதுதான். மெடிக்கல் சீட்டை விட்டுவிட்டு வந்தவரா? பல பேருக்கு அதற்குமேல் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஏப்ரல் 14, ரப் அரீனாவில் அறிமுக விழா. அனுமதி இலவசம். பெரியவர் வரமாட்டேன் என்றார், பிறகு சும்மா வருகிறேன் என்றார், பிறகு என்னைவிட முந்தி நீலச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியருகே நின்றார். ஆட்டமே இல்லாத ஒரு நாளில் இருபதாயிரம் பேர். வாசலில் வரிசை தெருவைச் சுற்றிக்கொண்டு போனது. அரங்கத்துக்குள் பஸ் ஒன்று வந்து நின்றது. பழைய ஆட்டக்காரர்கள் இறங்கினார்கள், நரைத்தவர்கள், தொந்தி விழுந்தவர்கள். கடைசியாக போப், கையில் 1996இன் கோப்பை. என் பக்கத்தில் இருந்த எழுபத்து நாலு வயசு மனிதர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

போப் பேசியதில் இன்னும் ஊரில் புழங்குவது ஒன்று உண்டு. இந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வது கென்டக்கிக்கு நீ செய்யும் உபகாரம் அல்ல, உன் வாழ்க்கையில் உனக்குக் கிடைக்கும் கௌரவம் என்கிற அர்த்தத்தில் பேசினார். கொடி வாங்கத்தான் வந்திருக்கிறோம் என்றும் சொன்னார். ஐந்து வருடத்துக்கு 2 கோடியே 75 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டவர் உபகாரத்தைப் பற்றிப் பேசலாமா என்று எனக்குள் ஒரு குரல் கேட்கத்தான் செய்தது. அந்தக் கூட்டத்தில் அதை வெளியே சொல்லிவிட்டு வீடு திரும்ப முடியாது.

மூன்று நாளில் இந்த ஜனங்களின் மனம் மாறியதைப் பச்சோந்தித்தனம் என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாய் ஹர்லி என்றும் ட்ரூ என்றும் கோப்பையைக் கேட்டது. உள்ளே வேண்டியிருந்தது, இந்த ஊரை ஸ்டேஷனாக நினைக்காத ஒரு ஆள். அது இவர்களுக்கே தெரியவில்லை. வேண்டாம் என்று இரண்டு பேர் சொன்ன பிறகு, வேண்டும் என்று ஒருவன் பஸ்ஸில் வந்து இறங்கியபோதுதான் தெரிந்தது. விட்டு வந்த ஊரைப் பற்றிப் பதினெட்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

போப் வந்தபோது உதவித்தொகையில் ஆடும் பையன்கள் ஒருவர்கூட மிஞ்சவில்லை. சிலர் என்பிஏவுக்கு, மற்றவர்கள் வேறு கல்லூரிகளுக்கு. இப்போதெல்லாம் மாணவர்கள் வருடா வருடம் அணி மாறலாம், பணமும் வாங்கலாம். பல ஊர்களிலிருந்து ஆள் சேர்த்து ஒரு புதுக் குடும்பத்தையே கட்டினார். அதில் ஹார்லன் மலைப் பையன் ட்ரென்ட் நோவாவும் ஒருவன். அவன் களத்தில் இறங்கினாலே பெரியவர் ரேடியோவின் ஒலியைக் கூட்டுவார். அக்டோபர் விழாவுக்கு போப் தன் பழைய குரு ரிக் பிட்டினோவை அழைத்து வந்தார். 1996 கோப்பையை வாங்கித் தந்துவிட்டு, பின்னாளில் பரம விரோதியான லூயிவில் அணிக்குப் போனதால் இங்கே துரோகி என்று பெயர் வாங்கியவர். அன்று அரங்கமே எழுந்து கை தட்டியது. பிப்ரவரி 1ஆம் தேதி கேலிபாரி ஆர்கன்சா அணியோடு இதே அரங்கத்துக்கு வந்தார். கூச்சல் காதைப் பிளந்தது. அவர் 89-79 என்று ஜெயித்துவிட்டு அமைதியாகப் போனார்.

இந்த மார்ச்சில் முதல் இரண்டு சுற்றையும் தாண்டிவிட்டோம். 2019க்குப் பிறகு அதுவே இங்கே முதல் தடவை. அடுத்தது டென்னசி. சீசனில் இரண்டு தடவை அவர்களை அடித்திருந்தோம். மூன்றாவது தடவைதான் கணக்கில் வந்தது: 78-65.

அன்று பெரியவர் வீட்டில்தான் இருந்தேன். அவர் மனைவி சோள ரொட்டி வைத்தார், யாரும் தொடவில்லை. ரேடியோவில் ஆட்டம் முடிந்த சங்கு ஊதியது. பெரியவர் எட்டி அதை அணைத்தார்.

"அடுத்த வருஷம் பெரிய பையன் ஒருத்தன் உள்ளே வேணும்" என்றார். "ஏழடி."

டிவியில் இன்னும் சில விநாடி ஆட்டம் பாக்கி இருந்தது. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த அதைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார்.

அன்புடன்,
உங்கள் கடல் கடந்த நண்பன்