முன்சக்கரமா, பின்சக்கரமா?

கார்ப் பந்தயம் பழக விழையும் இளைஞர் இருவர் கூடினால் எழும் முதல் வழக்கு இதுவே: பொறியின் விசை முன்சக்கரங்களுக்குச் செல்லும் காரை வாங்குவதா, பின்சக்கரங்களுக்குச் செல்லும் காரை வாங்குவதா? பின்சக்கரமே வீரனுக்கு அழகு என்பார் பலர். கையிலுள்ளதோ சில ஆண்டுச் சம்பளத்தின் மிச்சம். ஆதலின் இதனை வீண்பேச்சென்று ஒதுக்குதற்கில்லை.

டயரின் பிடிமானம் ஓர் அளவுக்கு உட்பட்டது. முன்சக்கர இயக்கத்தில், வண்டியைத் திருப்பும் பணியும் இழுக்கும் பணியும் அவ்விரண்டு டயர்களின்மேலேயே விழுகின்றன. வளைவில் ஆக்ஸிலேட்டரை மிகுதியாக மிதித்தால் அவை திணறும். ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி வளையாது வெளிப்புறம் நோக்கி ஓடும். காலைச் சற்றே தளர்த்தினால் மீண்டும் வழிக்கு வரும். அஞ்சியவன் இயல்பாகச் செய்வதும் அதுதானே! பின்சக்கர இயக்கத்தில் முன் டயர்கள் திருப்ப, பின் டயர்கள் தள்ளுகின்றன. பணி பங்கிடப்பட்டிருப்பதால் ஓட்டம் இனிது. ஆனால் விசை மிஞ்சினால் வால்புறம் சறுக்கும். அஞ்சிக் காலை வெடுக்கென எடுத்தால் எடை முன்னே சாய்ந்து, பின்புறம் இலேசாகி, வண்டி சுழன்றுவிடும். (முன்சக்கரக் காரும் அவ்வாறு வால் வீசுவதுண்டு, அதனை முற்றும் சாது என நம்புதல் கூடாது.)

முன்சக்கரத்தை இகழ்வோர் மினியை மறந்தவர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வெளிவந்த அச்சிறு கார், மாண்டி கார்லோ ராலியை 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் வென்றது.

பட்டறை நடத்தும் ஒருவரிடம் அவர் மருமகன் இவ்வழக்கைக் கொண்டுவந்தான். அவன் நாட்டமெல்லாம் 1983 முதல் 1987 வரை வெளிவந்த பின்சக்கர இயக்கக் கொரோல்லா 86இன்மீது. ஜப்பானியச் சித்திரக் கதையொன்றால் புகழ்பெற்று விலையேறிய வண்டி அது.

“வால் வீசத் தெரியாதவன் ஓர் ஓட்டுநரா, மாமா?”

“வீசலாம், தம்பி. பணம் முழுவதையும் வண்டியிலேயே கொட்டிவிட்டால் டயருக்கும் பிரேக்குக்கும் எங்கே போவாய்? ஒருமுறை சுவரில் மோதினால் உன் படிப்பு அன்றோடு முடிந்தது.”

மாமன் சொல்லில் நியாயம் உண்டு. பிரேக் பிடிக்கும் இடமும், வளைவில் நுழையும் கோடும், கண் முன்னோக்கும் பழக்கமும் இருவகைக் காருக்கும் பொது. 1985இல் வந்த புரோட்டோன் சாகாவும், 2005இல் வந்த மைவியும் முன்சக்கர இயக்கத்தினவே. அவற்றின் உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைப்பன.

மருமகன் பழைய சாகா ஒன்றை வாங்கினான். மீந்த பணம் தலைக்கவசத்துக்கும், நல்ல டயர்களுக்கும், நள்ளிரவு மலைச்சாலைக்கு மாறாக முறையான ஓடுதளத்தில் பழகும் கட்டணத்துக்கும் போயிற்று. கொரோல்லாவின் படம் மட்டும் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. மாமன் அதனைக் கழற்றச் சொல்லவில்லை.