ஒரு கரண்டி எண்ணெய்

இதய சிகிச்சை முடிந்து இல்லம் திரும்பிய அப்பெரியவருக்கு மருத்துவர் விலக்கிய உணவுகளுள் பொரித்த கோழியும் ஒன்று. பேரப்பிள்ளைகள் தட்டில் பொன்னிறக் கோழி, தாத்தாவின் தட்டில் அவித்த காய் என்னும் பிரிவினையை மகளால் தாங்க இயலவில்லை. ஏர் ஃபிரையர் ஒன்றை வாங்கி வந்தார்.

முதல் முயற்சி தோல்வியே. மாவிலும் முட்டையிலும் ரொட்டித் தூளிலும் புரட்டிய துண்டுகளைக் கூடை நிறைய அடுக்கினார். வெந்து வந்தவை வெளிறிக் கிடந்தன. தூள் ஆங்காங்கே வெள்ளையாகவே ஒட்டியிருந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் உண்டார். அந்த மௌனந்தான் மகளைச் சுட்டது.

குறை கருவியில் இல்லை. பெயரில் இருந்தது எனலாம். தமிழில் பொரித்தல் வேறு, வறுத்தல் வேறு, வாட்டுதல் வேறு. பொரிப்பதற்குக் காய்ந்த எண்ணெய் வேண்டும். 2010ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இவ்வகைக் கருவியிலோ, மேற்புறத்து மின்சுருள் சூடேற்றும் காற்றை விசிறி கூடைக்குள் சுழற்றுகிறது. விசிறி பொருத்திய சிறிய ஓவன் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். காற்று, எண்ணெயைப்போல் விரைந்து சூட்டை ஊட்டாது. ஈரம் உள்ளவரை இறைச்சியின் மேற்பரப்பு 100 பாகையைத் தாண்டாது. நன்கு சிவந்து மணம் பரப்ப ஏறத்தாழ 140 பாகையேனும் வேண்டும். நெருக்கி அடுக்கினால் நீராவி வெளியேற வழியின்றி மேலுறையை ஊறவைத்துவிடும்.

மறுமுறை, எலும்பில்லா இறைச்சியை விரற்பருமனில் அரிந்து, துணியால் ஈரம் ஒற்றி எடுத்தார். உப்பைக் குறைத்து மிளகைக் கூட்டினார். ரொட்டித் தூளில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைப் பிசறி, உப்புமாவுக்கு ரவை வறுப்பதுபோல் வாணலியில் இளம்பொன்னிறமாக வறுத்துக்கொண்டார். எண்ணெயே வேண்டாம் என்னும் விளம்பரத்தை நம்புவோர் ஏமாறுவது இவ்விடத்தில்தான். மாவு ஈரத்தை உறிஞ்சி முட்டைக்குப் பிடிப்புத் தரும். முட்டை வெந்து இறுகித் தூளைப் பற்றிக்கொள்ளும். ஆதலின் மாவு, முட்டை, தூள் என்னும் வரிசையை அவர் மாற்றவில்லை. துண்டுகளை இடைவெளி விட்டுப் பரப்பி, 180 பாகையில் பன்னிரண்டு நிமிடம் வைத்து, நடுவே ஒருமுறை திருப்பினார். தடித்த துண்டின் உட்புறம் 74 பாகை எட்டியதை வெப்பமானியால் உறுதிசெய்த பின்னரே வெளியே எடுத்தார்.

அன்றிரவு எல்லார் தட்டிலும் ஒரே உணவு. பெரியவர் கடித்தபோது எழுந்த மொறுக்கென்ற ஒலி மேசையின் மறுமுனைவரை கேட்டது.

"உப்புத்தான் போதவில்லை, அம்மா" என்று முணுமுணுத்தவாறே அவர் இரண்டாம் துண்டுக்குக் கை நீட்டினார்.