எண் மட்டும் எழுதிய பொட்டலங்கள்

எங்கள் பைத்துல்மால் அலுவலகத்தில் ஓர் இரும்பு பீரோ உண்டு. அதன் தட்டுகளில் சிறுசிறு துணிப் பொட்டலங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று தொங்கும். வட்டியில்லாக் கடன் பெற வந்த பெண்கள் ஈடாக வைத்துச் சென்ற நகைகள் அவை. பொட்டலத்தின் மேல் பெயர் எழுதக் கூடாது என்று விதி செய்தவன் நான்தான். பீரோவைத் திறக்கும்போது அருகில் நிற்பவர் கண்ணில், இன்னார் வீட்டு நகை இங்கே கிடக்கிறது என்பது பட்டுவிடலாகாது. வறுமைக்கும் மானம் உண்டு என்று நான் கருதினேன். இன்றும் அந்த எண்ணம் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் எந்த எண் யாருடையது என்ற விவரத்தை ஒரே ஒரு கணினியின் வயிற்றில் போட்டு வைத்தேனே, அந்தத் தவற்றைப் பற்றித்தான் இங்கே எழுத முன்வந்திருக்கிறேன்.

தியாகராய நகரின் தென்கோடியில், சி.ஐ.டி. நகரிலிருந்து அடையாற்றை நோக்கிச் சரியும் தெரு ஒன்றில், தரைத்தளத்தில் இரண்டு அறைகள், அதுவே அலுவலகம். நான் கௌரவச் செயலாளர். கணக்கு எழுதியவர் கீழக்கரைப் பெரியவர் ஒருவர். எல்லாருக்கும் அவர் கணக்கர் காக்கா. 2009 வரை அவர் கையால் பேரேடு எழுதினார். அடிக்கட்டையுள்ள ரசீதுப் புத்தகமும் இருந்தது. அந்த ஆண்டு ஒரு நல்ல உள்ளத்தார் கணினி ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார். "இனிப் பேரேடு எதற்கு, காக்கா?" என்று கேட்டவனும் நானே. ரசீதும் இயந்திரத்திலேயே அச்சாகி வந்தது. அடிக்கட்டை நின்றது. காக்கா ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

2015 டிசம்பர் முதல் நாள், செவ்வாய்க்கிழமை. அந்த ஒரு நாள் மழையை இந்நகரத்தார் மறக்கமாட்டார்கள். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. ஏரி நீரும், வழியில் சேர்ந்த ஓடை நீரும் ஒன்றாகி அடையாற்றின் இரு கரைகளையும் இரவோடிரவாக மூழ்கடித்தன. மறுநாள் சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தில் போக்குவரத்து நின்றது. 1878இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ் அன்று வெளிவரவில்லை. அதன் வரலாற்றில் அதுவே முதன்முறை என்றார்கள். ஏரியை முன்கூட்டியே திறந்திருக்க வேண்டுமா என்ற வழக்கை அறிந்தவர்கள் பேசட்டும். மயிலாப்பூரில் மாடியில் இருக்கும் என் வீட்டில் ஒரு சொட்டு நீரும் ஏறவில்லை. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல், மெழுகுவத்தி வெளிச்சத்தில், மேசைக்கு அடியில் தரையோடு தரையாக நான் வைத்திருந்த அந்தப் பெட்டியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்துதான் அலுவலகத்தை அடைய முடிந்தது. பள்ளிவாசலின் மேல்தளத்தில் சமய வேறுபாடின்றிக் குடும்பங்கள் தங்கியிருந்தன. இளைஞர்கள் சோற்றுப் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு கணினியைப் பற்றிக் கவலைப்பட எனக்கே கூச்சமாக இருந்தது. கதவைத் தள்ளியபோது சுவரில் இடுப்பளவு உயரத்தில் சேற்றுக் கோடு தெரிந்தது. பீரோவின் கீழ்த்தட்டுப் பொட்டலங்கள் நனைந்திருந்தன. பொன்னுக்கு நீரால் என்ன? வில்லைகளை எண்ணினேன். 143. ஒன்றும் குறையவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி முடிப்பதற்குள், இவற்றுக்குரிய 143 பெயர்களும் எங்கே என்ற நினைப்பு வந்து நெஞ்சை அழுத்தியது.

அதன்பின் நான் செய்தவை எல்லாம் பிழை. பெட்டியை மொட்டைமாடிக்குத் தூக்கிச் சென்று இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். தலைமயிர் உலர்த்தும் கருவியை இரவல் வாங்கி உள்ளே சூடான காற்றை ஊதினேன். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி விசையைத் தட்டினேன். உள்ளேயிருந்து டிக், டிக் என்றொரு ஓசை வந்தது. சற்று நேரத்தில் இரும்பைக் கல்லில் உரசுவது போன்ற ஒலி. அந்த ஒலி இன்றும் சில இரவுகளில் என் காதில் கேட்கிறது.

அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவுக்கு அதைக் கொண்டுபோனேன். அந்த வாரம் அத்தெரு ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளர் கூடத்தைப் போலிருந்தது. துணியில் சுற்றியும் கோணிப்பையில் போட்டும் மடிக் கணினிகளையும் பெட்டிகளையும் ஏந்தியபடி மனிதர்கள் நின்றிருந்தார்கள். என் பெட்டியைப் பார்த்த இளைஞர் முதலில் கேட்ட கேள்வி, "ஆன் பண்ணீங்களா, பாய்?" என்பதுதான். ஆம் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டலை என்னால் தாங்க முடியவில்லை.

அவர் பொறுமையாக விளக்கியதை இங்கே சொல்கிறேன், யாருக்கேனும் உதவக்கூடும். நம்முடைய எழுத்தெல்லாம் இருப்பது ஹார்ட் டிஸ்க் எனப்படும் வட்டுப் பேழையில். உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுழல்கின்றன. அவற்றைப் படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. தலைமயிரின் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் மிதக்கிறது. பேழை முற்றாக அடைக்கப்பட்டது என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலானவற்றில் காற்றழுத்தம் சமமாக இருப்பதற்காக வடிகட்டியுடன் ஒரு சிறு துளை உண்டு. ஆற்று நீர் அந்த வழியே புகும். நீர் உலரும், வண்டல் தட்டில் ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் சுழலவிட்டால் முனை மணலில் ஏர் பூட்டியதைப் போல் தட்டை உழுதுவிடும். ஆகவே வெள்ளத்தில் நனைந்த வட்டை உலர்த்தவே கூடாதாம்! ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, தூசியற்ற அறை வைத்திருக்கும் வல்லுநரிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் திறந்து கழுவி எடுப்பார்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பதும் வீண். மற்றப் பாகங்களோ வேறு வகை: மின்சாரம் பாயாதவரை சேற்று நீர் அவற்றை மெதுவாகத்தான் அரிக்கும், மின்சாரம் பாய்ந்தால் செப்புக் கோடுகளை விரைந்து தின்றுவிடும். பாகங்கள் போனால் கடையில் புதிது வாங்கிக்கொள்ளலாம்.

2003இல் கொலம்பியா விண்கலம் வானிலேயே சிதறியது நினைவிருக்கலாம். அதன் சிதைவுகளுக்கிடையில் கருகிப் போன ஒரு வட்டு மாதங்கள் கழித்துக் கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்து ஏறக்குறைய 99 விழுக்காடு செய்திகளை அமெரிக்க வல்லுநர்கள் மீட்டெடுத்தனர். விண்ணிலிருந்து எரிந்து விழுந்த வட்டு பிழைத்தது, சி.ஐ.டி. நகரில் இடுப்பளவு நீரில் இருந்த என் வட்டு பிழைக்கவில்லை. வல்லுநர் திறந்து பார்த்துவிட்டுத் தட்டுகளில் வட்டவட்டமாகக் கீறல் என்று சொல்லியனுப்பினார். வெள்ளம் அதைக் கொல்லவில்லை. நான் கொன்றேன்.

காப்புப் படி ஒன்றும் இல்லையா என்று வாசகர் கேட்பார். இருந்தது. பேக்கப் எடுக்கவென்றே கையடக்கமான வட்டு ஒன்றை வாங்கியிருந்தேன். அதை வைத்திருந்த இடம்? அதே மேசையின் கீழ் இழுப்பறை! மூலமும் நகலும் ஒரே இரவில், ஒரே நீரில், ஒரு சாண் இடைவெளியில் மூழ்கின. இதில் நான் மட்டும் பேதையல்லன் என்பது ஒருவகை ஆறுதல். 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற பெரிய நிறுவனத்தின் கணினி மையம் தீப்பற்றி எரிந்தபோது, நகலையும் அதே வளாகத்தில் விட்டிருந்த வாடிக்கையாளர் பலர் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள்.

ஆயினும் ஒரு நன்மை நிகழ்ந்தது. அந்தச் சிறு வட்டை நான் மறந்தே போயிருந்தேன். மறந்ததனால் உலர்த்தவில்லை, ஓட்டியும் பார்க்கவில்லை. சேற்றோடு சேறாக இழுப்பறையில் கிடந்ததை அப்படியே கட்டிக் கொண்டுபோனேன். கழுவி, மின்சுற்றுப் பலகையை மாற்றி, பழைய பலகையிலிருந்த நினைவுச் சில்லைப் புதியதில் பொருத்தி, மூன்று வாரத்தில் படித்துக் கொடுத்தார்கள். கூலியை என் சட்டைப் பையிலிருந்தே கொடுத்தேன். விதவைகளுக்கும் அனாதைகளுக்கும் உரிய பணத்தை என் அலட்சியத்துக்குத் தண்டம் கட்டலாமா?

அந்த நகல் எடுக்கப்பட்டது ரமழானில், ஜகாத் கணக்கு முடிக்கும்போது. அதாவது ஜூலை வரை. 124 பொட்டலங்களுக்குப் பெயர் கிடைத்தது. பிறகு வந்த 19 பொட்டலங்கள் பெயரற்று நின்றன. ஆற்றோரக் குடிசைகளிலிருந்து வந்தவர்களே அவர்களுள் மிகுதி. அவர்களுடைய ரசீதுகளை நம்முடைய கணினியை விழுங்கிய அதே ஆறு விழுங்கியிருந்தது. 12 பேர் எப்படியோ ரசீதைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ஒரு பெண்மணி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். எஞ்சியவர்களுக்காகப் பள்ளிவாசலில் அறிவிப்புச் செய்தோம். வந்தவர் தம் நகை எப்படியிருக்கும் என்று முதலில் சொல்ல வேண்டும். பிறகே பொட்டலம் அவிழ்க்கப்படும் என்று காக்கா ஏற்பாடு செய்தார். கடன் எவ்வளவு என்று அவர்களே சொன்னார்கள். எங்களிடம் எழுத்தில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். இருந்தும் ஒருவர், "ஏழாயிரம் வாங்கினேன், ரெண்டாயிரம் கட்டியிருக்கேன், மீதி அஞ்சு" என்று சொன்னபோது நானே தலை குனிந்தேன்.

அவற்றில் இரண்டு பொட்டலங்களில் கருகமணி மாலைகள். ஏறத்தாழ ஒரே அமைப்பு. சைதாப்பேட்டை மூதாட்டி ஒருவர், நிவாரணத் தொகை வந்ததும் கடனைத் தீர்த்து, மகளின் மாலையை மீட்டுப் போனார். மறுநாள் சுபுஹு தொழுகை முடிந்து நான் அலுவலகம் வந்தபோது படியில் அமர்ந்திருந்தார். முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து என் முன் வைத்தார். "தம்பி, இது எங்களுது இல்ல. எம் மவளோடதுல ஒரு பொன்மணி நசுங்கியிருக்கும். இது கனமாவும் இருக்கு" என்றார். நிறுத்துப் பார்த்தோம். ஒரு கிராமுக்கு மேல் வேறுபாடு. அவர் பேசாமல் இருந்திருந்தால் உலகில் எவரும் அறிந்திருக்க முடியாது. அமானிதம் என்ற சொல்லை மேடைகளில் நான் பலமுறை பேசியிருக்கிறேன். அன்று அவர்முன் அச்சொல்லை உச்சரிக்கத் துணிவு வரவில்லை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பது பற்றியது. எழுதுவதோடு நில்லாமல் சாட்சிகளையும் வைக்கச் சொல்கிறது. யமாமா போரில் மனனம் செய்தவர்கள் பலர் ஷஹீதான பிறகே, அபூபக்ர் (ரலி) அவர்கள் காலத்தில் வேதம் ஒரே தொகுப்பாக எழுதப்பட்டது; உஸ்மான் (ரலி) அவர்கள் அதன் படிகளை வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பினார்கள். நெஞ்சிலும் ஏட்டிலும், ஓர் ஊரில் மட்டுமன்றிப் பல ஊர்களிலும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய விதி ஒன்றை ரிச்சி தெரு இளைஞர் எனக்குச் சொன்னார்: மூன்று படிகள், இரண்டு வகைப் பொருள்களில், ஒன்று வேறிடத்தில். கேட்டவுடன் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

இப்போது அலுவலகம் முதல் மாடியில். மாதத்தின் முதல் வெள்ளியன்று எடுக்கும் படி ஒன்று மயிலாப்பூரில் என் வீட்டுக்கு வருகிறது. மற்றொன்று கடவுச்சொல் பூட்டோடு இணையவழி வெளியூரில் சேமிக்கப்படுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அந்தப் படியிலிருந்து கணக்கைத் திறந்து பார்க்கிறோம். திறக்காத நகலை நகலென்று நான் இனி நம்பமாட்டேன். ரசீதுக்கு அடிக்கட்டை திரும்பிவிட்டது. பழைய பேரேடுகளும் நனைந்திருந்தன. ஆனால் பந்துமுனைப் பேனாவின் எண்ணெய் மையில் காக்கா எழுதியவை கலையவில்லை. தாள் தாளாக உலர்த்தி வைத்திருக்கிறோம். இதையெல்லாம் பெருமையோடு அவரிடம் விளக்கியபோது சொன்னார்: "பொட்டலத்துக்கு உள்ளே பேரெழுதி ஒரு சீட்டு போட்டிருந்தா போதுமே தம்பி. வெளியே யாருக்குத் தெரியப்போவுது?" ஆறு ஆண்டுகளாக எனக்கு அது தோன்றவில்லை. இப்போது ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும், பிளாஸ்டிக் உறையிலிட்டு, ஒரு சீட்டு இருக்கிறது.

ஒன்றைத் தவிர. 19இல் ஒரு பொட்டலத்துக்கு யாரும் வரவில்லை. ஒரு ஜோடி அலுக்கத்து. வெள்ளத்துக்குப் பின் ஆற்றோரக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கம் அடுக்கு வீடுகளுக்கு மாற்றினார்கள். இருமுறை அங்கே போய், வீடு வீடாக இல்லாவிட்டாலும், தெரிந்தவர்களையெல்லாம் விசாரித்தேன். 'அலுக்கத்து வைத்தவர் யார்' என்று உரக்கக் கேட்க முடியாதே. கேட்டால் பத்துப் பேர் வருவார்கள் என்பதல்ல, அந்த ஒருவர் வெட்கி வராமல் போய்விடுவார் என்பதே அச்சம். காக்கா இப்போது ஊரோடு போய்விட்டார். ஒவ்வொரு ரமழானிலும் கணக்குப் பார்க்கும்போது அந்த எண்ணைப் புதிய ஏட்டில் எழுதி, பெயருக்கு நேரே இடம் விட்டு வைக்கிறேன். மூன்று படிகளிலும் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.