திருவேற்காட்டில் அப்பாவோடு ஒரு மெதுநடை

காலை ஐந்தே முக்கால். கருமாரியம்மன் கோயில் வாசலில் எலுமிச்சை மாலைகள் தொங்குகின்றன. வேப்பிலைக் கட்டுகள் ஈரம் சொட்டச் சொட்ட அடுக்கியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையில் திருவேற்காட்டில் கால் வைக்க இடம் இருக்காது என்பதால் புதன்கிழமையைப் பிடித்தோம். நானும் அப்பாவும் சாமி கும்பிட மட்டும் வரவில்லை, நடக்க வந்திருக்கிறோம். இரண்டு மாதத்துக்குப் பிறகு அப்பாவின் முதல் நடை இது.

சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில் வேறொன்று தெரிந்தது. இதயத்திலிருந்து கிளம்பி வயிற்றுக்குள் இறங்கும் மகாதமனியில் ஒரு வீக்கம். 'அன்யூரிசம்' என்றார்கள். வயிற்றுப் பகுதியில் சுமார் 2 செ.மீ. இருக்க வேண்டிய ரத்தக்குழாய் அப்பாவுக்கு 3.8 செ.மீ. அகலம். ஆண்களுக்கு 5.5 செ.மீ.யைத் தொட்டால், அல்லது வேகமாக வளர்ந்தால்தான் பொதுவாக ஆபரேஷன் பேச்சு வருமாம். அதுவரை அவ்வப்போது ஸ்கேன், ரத்த அழுத்தக் கட்டுப்பாடு. சிகரெட் கூடவே கூடாது.

எங்கள் காதில் விழுந்ததோ 'வெடிக்கலாம்' என்ற ஒரே சொல். அம்மா அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தவர்தான், எழவே விடவில்லை. 2024 செப்டம்பர் 30 அன்று ரஜினிகாந்த் சென்னை அப்போலோவில் சேர்க்கப்பட்டாரே, அதுவும் மகாதமனி வீக்கம்தான். திறந்த அறுவை சிகிச்சை இல்லாமல் ஸ்டென்ட் வைத்தார்கள். அடுத்த ஆண்டு 'கூலி' வந்தது. இதைச் சொல்லித் தேற்றினால், "அவருக்கு ஸ்டென்ட் வெச்சு அடைச்சாச்சும்மா. எனக்கு அப்படியேதானே இருக்கு?" என்றார் அப்பா. பதில் இல்லை என்னிடம்.

மறுபரிசோதனையில் டாக்டர்தான் எங்களைக் கடிந்துகொண்டார். உட்கார்ந்தே இருந்தால் எடையும் ரத்த அழுத்தமும் ஏறும், தாராளமாக நடக்கட்டும் என்றார். கூடாதது, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்குவது. தம் கட்டும் அந்த நொடியில் ரத்த அழுத்தம் சட்டென எகிறும். மெலிந்த தமனிச் சுவரில் அது மோதும். மலச்சிக்கலில் முக்குவதும் இதே கணக்குதான். எங்கள் வீட்டு வில்லன் 20 லிட்டர் தண்ணீர் கேன். ஸ்கேனுக்கு முந்தைய நாள்வரை அதை முதல் மாடிக்குத் தோளில் ஏற்றியவர் அப்பா.

அம்மன் கோயிலிலிருந்து வேதபுரீஸ்வரர் கோயிலை நோக்கி நடந்தோம். சம்பந்தர் பாடிய தலம். மூர்க்க நாயனாரின் ஊரும் இதுதான். சூதாடி ஜெயித்த காசில் அடியார்களுக்குச் சோறு போட்டவர். (அறுபத்து மூவரில் எனக்குப் பிடித்தவர்!) அந்தக் கதையை அப்பாவையே சொல்லச் சொன்னேன். காரணம் உண்டு. பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. வாக்கியம் பாதியில் அறுந்தால் அதிகம். சூதாட்டக் கட்டத்தில் ஒருமுறை அறுந்தது. நின்று, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தோம்.

அங்கப்பிரதட்சணம் செய்வதாக வேண்டுதல் வைத்திருக்கிறாராம். டாக்டரைக் கேட்காமல் அது வேண்டாம் என்றேன். மூன்று சுற்று நடந்தே வந்தார்.

திரும்பும்போது பூக்கடைப் பாட்டி, "கொஞ்சம் தூக்கி வுடு நைனா" என்று கூடையைக் காட்டினார். அப்பா குனிந்தேவிட்டார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கூடையை நான் தூக்கிவைக்கும்வரை அவர் தெருவின் எதிர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால், எவ்வளவு நடக்கலாம் என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும். வீக்கத்தின் அளவு, இடம் பொறுத்து அது மாறும். ஆனால் வயிற்றிலோ முதுகிலோ நெஞ்சிலோ திடீரென்று கடும் வலி, மயக்கம், குளிர் வியர்வை என்றால் யோசிக்காமல் 108.

35 நிமிடம் நடந்திருக்கிறோம். வீட்டு வாசலில் கேன் போடும் தம்பி நின்றிருந்தான். அப்பா பத்து ரூபாயை எடுத்து நீட்டினார்.

"மாடி வரைக்கும் கொண்டாந்து வெச்சுடுப்பா."